நர்ஸ் கேட்கும் கேள்விகள்

34 வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருடத்தில் 'ஆராய்ச்சி' என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். பெரிய டாக்டர் ஒருவர் ஏதோ ஆய்வு செய்வார். நாங்கள் ரத்தம் எடுப்போம், பி.பி. பார்ப்போம், படிவம் நிரப்புவோம். கட்டுரை அச்சாகி வரும்போது அதில் எங்கள் பெயர் இருக்காது. என்ன கண்டுபிடித்தார்கள் என்றும் யாரும் வந்து சொன்னதில்லை.

இத்தனைக்கும் எங்கள் தொழிலுக்கு வழிகாட்டிய நைட்டிங்கேல் அம்மையார் பெரிய கணக்குப்புலி. கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858இல் வண்ணப் படம் போட்டு அரசாங்கத்துக்கே காட்டியவர். நாங்கள் அவருடைய விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டோம், கணக்கை விட்டுவிட்டோம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் மறதி நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸாக இருக்கிறாள். அங்கே இதற்கென்றே 'அட்மிரல் நர்ஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. கப்பற்படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜோசப் லெவி என்பவருக்கு மறதி நோய் வந்தது. படகு ஓட்டுவதில் அவருக்கு இருந்த ஆசையால் 'அட்மிரல் ஜோ' என்று கூப்பிடுவார்களாம். அவர் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து பிறந்த பெயர் அது. இந்த நர்ஸுகள் நோயாளியோடு சேர்த்து, வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களையும் கவனிப்பார்கள்.

அவள் ஒருநாள் போனில், "மேடம், எங்களையும் ஆராய்ச்சி பண்ணச் சொல்கிறார்கள். ஆனால் நேரம் எங்கே இருக்கிறது? ஒரு வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடுகிறது" என்றாள். நான் சொன்னேன்: "அந்த ஒன்றரை மணி நேரத்தில் நீ பார்ப்பதை வேறு யாரும் பார்ப்பதில்லையம்மா. அதை எழுதி வைக்காவிட்டால் உன்னோடு போய்விடும்."

சும்மா உபதேசமாகச் சொல்லவில்லை. என் பெரியக்காவுக்கு 81 வயதில் இந்த நோய் முற்றியிருந்தது. பேச்சு போய்விட்டது. குளிப்பாட்டப் போனால் அலறுவாள், மருமகளை அடிப்பாள். தூக்க மாத்திரையைக் கூட்டலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது.

வலியை வாயால் சொல்ல முடியாதவர்களுக்காக 'பெய்னாட்' என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் வெளியானது. அதை உருவாக்கியவர்களில் ஆன் ஹர்லி என்ற நர்ஸும் ஒருவர். மூச்சு, முனகல், முகபாவம், உடம்பின் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தே விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10 மதிப்பெண். ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டு, நானும் மருமகளும் ஐந்து நாள் குறித்தோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 1; ரவிக்கையைக் கழற்ற இடது கையைத் தூக்கினால் 7, 8. டாக்டரிடம் டைரியைக் காட்டினோம். தோள்பட்டையைப் பரிசோதித்துவிட்டு, தூக்க மாத்திரை வேண்டாம் என்று குளியலுக்கு முன்னால் பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார். ரவிக்கைக்குப் பதில் முன்பக்கம் திறக்கும் நைட்டி தைத்தோம். அலறல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. மருமகள் மேல் ஒரு அடிகூட விழாத நாட்கள் வந்தன.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் இதே விஷயத்தை முறையாகச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். எட்டு வாரம் வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுத்ததில் படபடப்பும் ஆவேசமும் குறைந்தன. பெரும்பாலோருக்குக் கொடுத்ததும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே பாரசிட்டமால்தான்.

நம் நாட்டில் இந்த மாதிரி ஆராய்ச்சி இன்னும் அதிகம் தேவை. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை என்பதே அதன் பொருள். பிறகு அக்குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். குளிப்பாட்டிவிடும் நர்ஸே ஆய்வுப் படிவத்தை நீட்டினால், மாட்டேன் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவள் மனம் கோணிவிடுமோ என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதனால்தான் நல்ல நர்ஸ் தானே கையெழுத்து வாங்காமல், சம்பந்தமில்லாத வேறொருவரை அனுப்புவாள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவருக்காக உரிமையுள்ள பிரதிநிதி கையெழுத்திடலாம் என்கிறது. அதற்காக நோயாளியைக் கேட்காமல் விடக்கூடாது. பேச்சு இல்லாவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு நர்ஸ் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக இந்த ஆய்வு? வேண்டாம் என்றால் சிகிச்சை பாதிக்குமா? முடிவு தெரிந்ததும் எங்களுக்கு வந்து சொல்வீர்களா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னால், உட்காரவைத்து ஒரு காபி கொடுத்து, நீங்கள் கண்டதையெல்லாம் சொல்லுங்கள். அடுத்த வீட்டு அக்காவுக்கு அது உதவும்.