உள்ளங்கை அளவு அட்டைப்படம்

எங்கள் கல்லூரி இசை மன்றம் 1978ல் வெளியிட்ட ஆண்டு மலர் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை பழுத்துவிட்டது. தைத்த கம்பி துருப்பிடித்திருக்கிறது. அட்டையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு புகைப்படம். நான்கு பேர் படித்துறையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். யார் முகமும் சரியாகத் தெரியாது. சுற்றிலும் அச்சகத்தில் கிடைத்த பூ பார்டர்.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இவ்வளவு பெரிய அட்டையில் ஏன் சார் படத்தை இத்தனை சின்னதாகப் போட்டீர்கள்?" காசு இல்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் காசு ஏன் இல்லாமல் போனது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாட்டு கேட்கப் பிடிக்கும், தமிழ் பிழையில்லாமல் எழுதுவேன். அந்த இரண்டு தகுதிகளுக்காக என்னை மலரின் மாணவர் ஆசிரியராகப் போட்டுவிட்டார்கள். அதுவரை வந்த மலர்களில் எழுத்து மட்டும்தான். இந்த வருஷம் அட்டையில் புகைப்படம் வர வேண்டும், அதுவும் ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிற படமாக இருக்கக் கூடாது, திருவையாற்றில் காவிரிக் கரையில் எடுக்க வேண்டும் என்று மார்கழி மாதத்தில் முடிவு செய்தோம். யோசனை என்னுடையதுதான்.

மார்கழியில் போய் இடம் பார்த்தோம். தஞ்சாவூரிலிருந்து ஒவ்வொரு ஆறாகப் பாலம் தாண்டி பஸ்ஸில் போகும்போதே எனக்கு மயக்கம். எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மழை பெய்த மறுநாள் போய் வேடிக்கை பார்ப்பது. இங்கே புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மேல் படியில் காமிரா, கீழ்ப் படியில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் காவிரி. நோட்டில் படம் வரைந்தே வைத்துவிட்டேன்.

பிறகு நடந்தது காகித வேலை. மாணவிகள் வருவதற்கு முதல்வரின் அனுமதி, துணைக்கு வர ஒரு பேராசிரியை, பஸ் செலவு, ஜமக்காளம், பொட்டலம் கட்டிய புளியோதரை என்று ஒரு முழுப் பக்கம் பட்டியல். காமிரா என் நண்பனுடைய மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த யாஷிகா. இரண்டு கண் வைத்தது, மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம் ரோல் ஒன்று வாங்கினோம். ஒரு ரோலில் 12 படம். இரண்டாவது ரோல் வாங்க மன்றத்தில் பணம் இல்லை.

பணம் போகிற இடம் வேறு. அந்தக் காலத்தில் புகைப்படத்தை அச்சடிக்க ப்ளாக் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டில் படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக அரித்து எடுத்து, மரக்கட்டையில் அடித்து, ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். கூலி சதுர அங்குலக் கணக்கு. நாங்கள் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது 36 சதுர அங்குலம் என்று கணக்குப் போட்டு, அதற்கான பணத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது வாத்தியங்கள். வயலின், மிருதங்கம், புல்லாங்குழல் மூன்றும் பிள்ளைகள் கையிலேயே இருந்தன. வீணையைத்தான் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. வீணை வாசிக்கும் மாணவி திருவையாற்றில் ஒரு வயதான டீச்சரிடம் கற்றுக்கொண்டவள். அவர்கள் வீடு படித்துறையிலிருந்து நடக்கிற தூரம். முந்தின வாரம் நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன்.

கூடத்தில் பாயில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். பலா மரம், யாளி முகம், தந்தக் கலர் மங்கிப்போன பழைய தஞ்சாவூர் வீணை. அவர்களுடைய அம்மா வாசித்ததாம். டீச்சர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கொண்டுபோங்க தம்பி. பாப்பாவுக்குப் பிடிக்கத் தெரியும். ஒண்ணே ஒண்ணு, நிழல்ல வச்சு எடுங்க. வெயிலு படக் கூடாது" என்றார்கள்.

"சரிங்கம்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நிறம் மங்கும் என்று சொல்கிறார்கள் போலிருக்கிறது என நானே நினைத்துக்கொண்டேன். என் பட்டியலில் புளியோதரைகூட இருந்தது, 'நிழல்' என்ற வார்த்தை ஏறவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். படித்துறைக்கு வந்தால் காவிரியைக் காணோம். மணல். நடுவில் அங்கங்கே குட்டை, அதில் இரண்டு கொக்கு. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம் என்பது தஞ்சாவூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புதுக்கோட்டைக்காரனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களும் நான் தண்ணீரை நம்பித்தான் இத்தனை ஏற்பாடும் செய்கிறேன் என்று நினைக்கவில்லையாம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். யாஷிகா நண்பன்தான் மணலில் இறங்கி, அங்கிருந்து படித்துறையைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "டேய், இதான்டா நல்லாருக்கு! மேலேர்ந்து எடுத்திருந்தா சூரியன் எதிர்ல அடிச்சு எல்லாரும் கறுப்பாத்தான் வந்திருப்பாங்க." அவன் சொன்னது சரிதான். படித்துறை ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மேலேயிருந்து தெற்கே பார்த்தால் காலைச் சூரியன் லென்சுக்குள் வந்து விழும். ஆறு வற்றியதால் காமிரா ஆற்றுக்குள் நின்றது. வெளிச்சம் நான்கு பேர் முகத்திலும் நேராக விழுந்தது. பின்னால் கல் படிகளும் மண்டபமும். என் நோட்டுப் படத்தைவிட நூறு மடங்கு நல்ல படம்.

முகத்தில் நேராக வெயில் விழுந்தால் மடியில் இருக்கும் வீணையிலும்தான் விழும். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் தோன்றியது. நிழலுக்குப் போனால் இந்தப் படம் கிடைக்காது என்பதும் கூடவே தோன்றியது. பத்து நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் முடியவில்லை. அந்தக் காமிராவின் கண்ணாடியில் உருவம் இடம் வலம் மாறித் தெரியும். நண்பன் "இடது பக்கம் தள்ளி உட்காரு" என்பான், மிருதங்கக்காரன் தள்ளுவான், "அய்யோ, அந்தப் பக்கம் இல்லடா" என்பான். கரையில் துணி துவைக்க வந்த பெண்களும் மாடு ஓட்டி வந்த பையன்களும் கூடிவிட்டார்கள். ஒரு பையனின் தலை படத்தில் விழுந்து ஒரு பிலிம் போனது. வயலின்காரர் கண் சிமிட்டி ஒன்று போனது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் எங்களிடம் இல்லை. பிலிம் டப்பாவுக்குள் இருந்த சீட்டில் 'நல்ல வெயில்' என்ற இடத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எல்லாம். மிருதங்கத்தின் தோல் சூட்டில் இறுகி இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போனது. அவன் கல்லை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தான். "படத்துல சத்தமாடா வரப்போவுது?" என்று சிரித்தேன்.

சும்மா பாவனையாக விரல் வைத்தால் படத்தில் பொய்யாகத் தெரிகிறது என்று பேராசிரியை சொன்னதால், நிஜமாகவே ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொன்னோம். அப்போது மணி பத்தரை இருக்கும். ஒரு வரிகூட முடியவில்லை. வீணைப் பெண் கையை எடுத்துவிட்டாள். "சார், ஸ்தானம் சரியா இல்ல" என்றாள். குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

வீணையில் 24 பித்தளை மெட்டுகள் உண்டு. அவற்றை ஆணி அடித்தோ திருகியோ வைப்பதில்லை. தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து, அந்தக் கறுப்பு மெழுகின் மேல் ஒவ்வொன்றாகப் பதித்திருப்பார்கள். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும். மெழுகு இளகும். இளகின பிறகு தந்தியை அழுத்தினால் அடியில் இருக்கும் மெட்டு நகரும். நான்கைந்து மெட்டுகள் சாய்ந்திருந்தன. ஒன்று ஒரு பக்கம் அமுங்கியே போயிருந்தது. நான் பதறிப்போய் ஒன்றை விரலால் நிமிர்த்தப் பார்த்தேன். அது இன்னும் கோணலாகியது. "தொடாதீங்க சார்!" என்று அவள் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

பன்னிரண்டில் ஒன்பது படம் எடுத்திருந்தோம். மீதி மூன்று அப்படியே நின்றது. ஜமக்காளத்தை மேலே பிடித்து நிழல் செய்துகொண்டு, ஊர்வலம் மாதிரி வீணையை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

டீச்சர் வீணையைப் பாயில் வைக்கச் சொன்னார்கள். குனிந்து ஒரு தடவை மெட்டு வரிசை முழுவதும் விரலை ஓட்டினார்கள். ஒன்றும் பேசவில்லை. எங்கள் பேராசிரியைக்குத்தான் தாங்கவில்லை. "மன்னிச்சுக்கணும்மா. வெயில்ல வைக்கக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. பாப்பாவுக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொண்டவளுக்கு வெயிலில் வாசிக்க எப்போது வாய்த்தது?

டீச்சர் நிமிர்ந்து பார்த்தது என்னை. அரை நிமிஷம் இருக்கும். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய அரை நிமிஷம் அதுதான். தொண்டை அடைத்துக்கொண்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பயம், வெட்கம், அவ்வளவுதான்.

"பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார்கள் டீச்சர்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் போனேன். "அம்மா, நீங்க என்கிட்ட சொன்னீங்க" என்றேன். "சொன்னேன்" என்றார்கள். "அப்ப ஏம்மா..." என்று இழுத்தேன். "அத்தனை பேரு முன்னாடி உங்களைக் காட்டிக் கொடுத்து என்ன தம்பி ஆவப்போவுது? மெட்டு நேராயிடுமா? மேளம் கட்டுறவருக்குச் சொல்லி அனுப்பணும். அதைப் பாருங்க" என்றார்கள்.

என் சட்டைப்பைக்குள் ப்ளாக் பணம் இருந்தது. கவரைத் திறந்து பார்த்தேன். மேளம் கட்டக் கூலி, அவர் வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்தால் முக்கால் பங்கு போய்விடும் என்று தெரிந்தது. மன்றத்தில் வீணை கெட்டதையும் பணம் கொடுக்க வேண்டியதையும் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டீச்சர் எனக்கு முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அட்டைப்படமே வேண்டாம் என்றுகூடப் பேச்சு வந்தது. அச்சகத்து ஃபோர்மேன் ஒரு வழி சொன்னார். படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் செலவு காலாகிவிடும். 36 சதுர அங்குலம் 9 ஆகியது. உள்ளங்கை அளவு.

மேளம் கட்டுகிற அன்று நானும் போய் உட்கார்ந்திருந்தேன். பழைய மெழுகையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு மெட்டையும் வைப்பார், தந்தியை மீட்டுவார், காதைக் கொடுப்பார், ஒரு நூல் நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். சாயங்காலம் வரை ஆனது. நான் இளக வைத்தது இத்தனை பேருடைய காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்பது படத்தில் ஒரு படம் அருமையாக வந்திருந்தது. ப்ளாக்கில் சிறுத்துப்போனாலும், ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மலரோடு டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "பாப்பா கை நல்லா விழுந்திருக்கு" என்றார்கள். பிறகு, "வெளிச்சமும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

டீச்சர் இப்போது இல்லை. வீணைப் பெண்ணை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பேரன் எடுத்துவிட்டார். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். டீச்சர் வீணையை நாந்தானே கெடுத்தேன்" என்றார். பந்தியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனேன்.

இந்தப் பதிவின் சுட்டியை இன்று காலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கெடுக்கவில்லை அம்மா. எனக்குச் சொல்லியிருந்தார்கள்.