கிரகணத்துல ஒண்ணும் இல்ல, பேக்ஸ்6-ல இருக்கு

நீங்க கோட் எழுதுறவரா? அப்போ இது சுலபமா புரியும். மெயின் ஃபங்ஷன் எல்லா வேலையையும் தானே செய்யாது. மற்ற ஃபங்ஷன்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும். கருவில் கண் உருவாகும்போது அப்படி வேலை வாங்குவது பேக்ஸ்6 என்ற மரபணு. அதன் புரதத்துக்கு டிஎன்ஏ-வைப் பிடிக்க ரெண்டு கை உண்டு. ஒரு கையின் பெயர் ஹோமியோடொமைன். நீளம் 60 அமினோ அமிலம். அதற்கான 180 டிஎன்ஏ எழுத்துகள்தான் ஹோமியோபாக்ஸ்.

1995-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர், பழ ஈயின் இதே மரபணுவைக் காலிலும் இறக்கையிலும் இயங்க வைத்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது! எலியின் பேக்ஸ்6-ஐ ஈக்குள் வைத்தபோதும் வந்தது எலிக் கண் இல்லை, ஈயின் கண்தான். கூப்பிட்டது எலியின் மரபணு. வேலை செய்தது ஈயின் மரபணுக்கள்.

ஒரு பம்ப் போனா ஸ்டாண்ட்பை ஓடும்னு நாம படிச்சிருக்கோம். மரபணுவும் நமக்கு ரெண்டு ரெண்டுதான். ஆனா பேக்ஸ்6-ல ஒண்ணு பழுதானா, இன்னொண்ணு தரும் புரதம் போதாது. கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் சரியாக உருவாகாது. இதுதான் அனிரிடியா.

என் பெரியம்மா பொண்ணோட குழந்தை இப்படித்தான் பிறந்தான். வெளிச்சம் பட்டாலே கண் கூசி அழுவான். பார்க்க வந்த சொந்தக்காரங்க கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தப்போ வெளிய போனியாம்மா?" அக்கா பதில் சொல்லல. பத்து மாசத்தையும் ஒவ்வொரு நாளா மனசுக்குள்ள திருப்பிப் பாத்துட்டே இருந்தா.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். இது பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும். சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வரும். டிஎன்ஏ நகலாகும்போது தானாக நேரும் பிழை அது. கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேற. 11-வது குரோமோசோமில் பேக்ஸ்6-க்குப் பக்கத்தில் டபிள்யூடி1 என்ற மரபணு இருக்கு. ரெண்டும் சேர்ந்தே அழிந்திருந்தால் குழந்தைக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். மரபணுப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அப்புறம் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கட்டி சின்னதா இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

அதனால, உங்க வீட்டுலயும் யாராவது ஒரு அம்மாகிட்ட கிரகணத்தைப் பத்தி விசாரிச்சா, நடுவுல புகுந்து கேளுங்க: "ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சா?"