கறிக்கு மீன்

நண்டின் கடைசி இரண்டு கால்கள் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அவை உடம்போடு சேரும் இடத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பதிய அமுக்கிப் பிடித்துவிட்டால், அது எவ்வளவு துள்ளினாலும் கொடுக்கு நம் கைக்கு எட்டாது. ஆலந்தலைக் கடற்கரையில் எனக்கு முதலில் சொல்லித் தந்தது இதைத்தான்.

"பயந்து பயந்து பிடிச்சாத்தாம்மா கடிக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. ஐம்பது வயது இருக்கும். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வலை.

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது ஆலந்தலை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலைத் தாண்டினால் கடல். நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஃபைபர் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள் வலையைக் கரையில் குவித்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்கள். அவர்கள் அலுப்பு முகத்திலேயே தெரிந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் வேலை முடிந்த இடத்தில்தான் இந்தப் பெண்களின் வேலை தொடங்குகிறது. ஒரு குவியலுக்கு நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

நண்டு வலையில் நண்டு மாட்டுவதில்லை, தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. விடுபடத் திமிறும்போது ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று சுற்று வலை நரம்பு ஏறிவிடும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் விலை பாதி. வலையை அறுத்தால் நண்டு பிழைக்கும், ஆனால் வலை போச்சு. அதைச் சரிபண்ண ஒரு மத்தியானம் வேண்டும். அதனால் அக்கா இழுக்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. நண்டைப் புரட்டிப் பார்த்தார். எந்தக் கால் கடைசியாகச் சிக்கியதோ அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கிப் போனார். "அது வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்பணும். வழி தெரிஞ்சா அரை நிமிஷம்."

கழட்டின கையோடு தரமும் பிரித்துவிடுகிறார். வயிற்று மடிப்பு ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அடி ஓட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். கல் மாதிரி நின்றால் சதை நிறைந்தது. லேசாக அமுங்கினால் புதிதாக ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான். எடை ஒன்றாக இருந்தாலும் விலை ஒன்றில்லை. இந்த நண்டின் சதைதான் தூத்துக்குடிப் பக்கத்து ஆலைகளில் உரிக்கப்பட்டு, டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. ஆலைகளில் உட்கார்ந்து உரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

ஒரு மணி நேரத்தில் நான் ஏழு கழட்டினேன், அதில் இரண்டுக்குக் கால் போயிருந்தது. அக்காவின் குண்டான் நிறைந்து அடுத்ததும் பாதி ஏறியிருந்தது.

"இதுக்கு என்னக்கா கூலி?"

"கூலியா? இது எங்க வலைதானம்மா. நம்ம வலையில நண்டு கழட்டக் கூலி எங்க?" எதிரே இருந்த பெரியவரைக் கண்ணால் காட்டினார். "அவிய அடுத்த வீடு. அவியளுக்குக் கறிக்குக் குடுப்போம்."

கறிக்கு. அன்றைக்கு அந்தக் கரையில் நான் பலமுறை கேட்ட சொல் இது. வலை கழட்ட ஒத்தாசை செய்தவருக்குக் கறிக்கு. குண்டான் சுமந்தவருக்குக் கறிக்கு. வீட்டில் ஆம்பிளை இல்லாத பாட்டிக்கும் கறிக்கு. அதில் இருக்கும் ஈரத்தை நான் மறுக்கவில்லை. கரையில் ஒரு வள்ளம் வந்தால் ஒரு வீடும் பட்டினி கிடக்கக் கூடாது என்ற பழைய நியாயம் அது. ஆனால் அதே கரையில் பங்கு என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு, சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பிரிப்பார்கள். வள்ளத்துக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு, கடலுக்குப் போன ஆளுக்குப் பங்கு உண்டு. கட்டுமரக் காலத்திலிருந்து இன்று வரை, உயிரில்லாத வலைக்குப் பங்கு கேட்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அந்த வலையைக் கழட்டி, அலசி, பொத்தல் பார்த்து, மறுநாளைக்கு மடித்து வைக்கும் கைக்கு மட்டும் கணக்கில் வரி இல்லை. பங்கு என்பது உரிமை, கறிக்கு என்பது மனசு. மனசு இல்லாத அன்றைக்கு எதைக் காட்டிக் கேட்பது?

இந்தக் கடலின் பழைய கதைகளும் இப்படித்தான். 1530களில் பரவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது, 1542இல் சவேரியார் வந்து இறங்கியது, முத்துக்குளித்துறைக்காக அரசர்களும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் மோதியது எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பது அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பான் என்றும் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டானாம். நெஞ்சைத் தொடும் செய்திதான். ஆனால் அந்தக் கதைக்குள் பெண் வருவது தாலியாக மட்டும்தான். தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். முத்து போய்விட்டது. நண்டும் சாளையும் நெத்திலியும் இருக்கின்றன. கதை சொல்லும் விதம் மட்டும் மாறவில்லை.

மீனவர் என்றால் யார்? கடலுக்குப் போகிறவர் என்றுதான் நம் வாய் சட்டென்று சொல்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பேசுவது கலத்தைப் பற்றி, வலையைப் பற்றி, கரையிலிருந்து எத்தனை கடல்மைல் என்பதைப் பற்றி. கரையில் நடப்பது அதன் வேலையில்லை. மீனவ மகளிருக்கென்று தனியாகச் சேமிப்பு நிவாரணத் திட்டம் வந்தது ஒரு நல்ல காரியம்: அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. அக்கா அதைப் பற்றிச் சொல்லும்போது தொகையைவிட இன்னொன்றை அழுத்திச் சொன்னார்: "என் பேர்ல வருது."

2014இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. பிடிப்பதற்கு முந்திய வேலையும் பிந்திய வேலையும் மீன்பிடித் தொழில்தான், அதில் இருக்கும் பெண்களும் தொழிலாளர்தான் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவர் சந்திரிகா சர்மா. சென்னையிலிருந்து இயங்கிய மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டு அமைப்பின் செயலாளர். அந்த ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, மங்கோலியாவில் நடந்த உணவு வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்குக் கிளம்பியவர், காணாமல்போன மலேசிய விமானத்தில் இருந்தார். நெறிகள் நிறைவேறியது மூன்று மாதம் கழித்து. அந்த நூல் அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுக்கச் சிறுதொழில் மீன்பிடிப்பில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள் என்று பின்னர் அதே அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. ஆலந்தலை மணலில் உட்கார்ந்து பார்த்தால் அந்த நான்கு எனக்குக் குறைவாகவே தெரிந்தது.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறியது. ஒரு வீட்டு முற்றத்தில் பாட்டி ஒருவர் சாளை கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தார். செவுளுக்குள் ஒரு சிட்டிகை, வயிற்றுக்குள் ஒரு சிட்டிகை, அடுக்குக்கு அடுக்கு ஒரு கை. "மழைக்குணம் இருந்தா ஒரு பிடி கூட்டணும்" என்று வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். என் ஆச்சி வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்த பெரியம்மாவின் நினைவு வந்தது. தலையில் ஓலைப்பெட்டியோடு வருவார், கருவாட்டுக்கு நெல் வாங்கிப் போவார். அவர் பெயரைக் கடைசிவரை நாங்கள் கேட்டதே இல்லை. 'கருவாட்டுக்காரம்மா' என்றே கூப்பிட்டோம். அதை இன்று எழுதும்போது கூசுகிறது.

நண்டை வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்த பிறகு, கால் ஒடிந்ததையும் கொஞ்சம் சில்லறை மீனையும் எடுத்துக்கொண்டு அக்கா விற்கக் கிளம்பினார். கிளம்பும் முன் அலுமினியக் குண்டானின் வெளிப்பக்கத்தைக் கடல்தண்ணீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார்.

"எதுக்குக்கா இத்தனை தரம்?"

"பஸ்ஸுல ஏறணும்லா."

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு முதிய பெண்ணை, நாறுகிறது என்று பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதல்வர் கண்டித்தார், ஓட்டுநரும் நடத்துநரும் நேரக்காப்பாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "அந்தம்மா சத்தம் போட்டாவ, கேட்டுச்சு. எல்லாராலும் முடியுமா?" என்றார்.

ஈரச் சாக்கை மடித்து மூடியின் மேல் வைத்துக் கட்டினார். என் பைக்குள் இரண்டு நண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். நான் பணத்தை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். "ஒரு மணி நேரம் உக்காந்து கழட்டினீயள்ளா, கறிக்கு வச்சிக்கிடுங்க."

பஸ் வந்தது. குண்டானைப் படியில் ஏற்றி உள்ளே தள்ளினார். நடத்துநர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கடைசி இருக்கைக்கு முன்னால் தரையில் குண்டானை வைத்து, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.