ஒழுகுதா, கசியுதா?

எங்கள் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிக்காரர் ஒருநாள் காலையில், "சார், நிம்ம காடி ஆயில் சோர்த்தா இதெ" என்றார். கன்னடத்தில் 'சோரு' என்றால் ஒழுகுவது. கண்ணீர் சோர நின்றாள் என்று நம்ம பழைய கதைகளில் வருமே, அதே சோர்தல்தான். பத்து வருஷமாக பெங்களூரில் இருந்தும் இந்த வார்த்தை அன்றுதான் கிடைத்தது. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. நாமக்கல்லில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. நாங்கள் திரும்பும்போது அவரையும் அம்மாவையும் இங்கே கூட்டி வருவதாக ஏற்பாடு. அந்தக் கண்ணோடு பண்டிகைக் கூட்டத்தில் பஸ் ஏற்ற முடியாது.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வண்டியை மேலே தூக்கிப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "க்ராங்க் ஆயில் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்." 28,000 ரூபாய், ஆறு நாள். சீல் விலை சில நூறுதான், மிச்சமெல்லாம் இறக்கி ஏற்றுகிற கூலி. வண்டிக்கு வயது 11. "இதை வித்தா என்ன வரும்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

எதற்கும் இன்னொருவரிடம் காட்டிவிடுவோம் என்று லக்கசந்திராவில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் கீழே குனியவே இல்லை. பானெட்டைத் திறந்து டார்ச்சைப் பின்பக்கமாக அடித்தார். "தண்ணி சொட்டுற எடத்துலயா சார் ஓடு ஒடஞ்சிருக்கும்?" என்றார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

எண்ணெய் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்குகிற உச்சியைத் தேட வேண்டும். பழைய அழுக்கு இருந்தால் அது தெரியாது. அண்ணன் டீசலும் பிரஷ்ஷும் வைத்து எஞ்சினைக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இணைப்புகள் மேலெல்லாம் முகப் பவுடரைத் தூவினார். "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க." எலக்ட்ரானிக் சிட்டி வரை போய்த் திரும்பினேன். (எஞ்சினைச் சூடாக்க சில்க் போர்டு சிக்னலை மிஞ்சிய இடம் உலகத்தில் இல்லை.) வந்து பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. டேப்பட் கவரின் பின்மூலையில் தொடங்கி நேராக கியர் பாக்ஸ் இணைப்புக்கு இறங்கியிருந்தது. போனது மேலே இருக்கும் ரப்பர் பேக்கிங்.

வருஷக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகிவிடும். அது பாதிக் காரணம்தான். எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே எடுக்க ஒரு சின்ன வால்வு உண்டு, பிசிவி என்பார்கள். கழற்றி ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். எங்களுடையது ஊமையாக இருந்தது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ரப்பர் பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் ஒழுகியிருக்கும்.

ஜே.சி. ரோட்டில் இரண்டையும் வாங்கி வந்தேன். அண்ணன் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, டைமிங் கவர் சேரும் மூலைகளில் மட்டும் அனபாண்ட் ஒரு பொட்டு வைத்தார். சுற்றிலும் அப்பினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து, சேம்பரில் இருக்கும் சல்லடையை அடைக்குமாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். ராத்திரி முழுக்க வண்டி அங்கேயே நின்றது. மொத்தம் 2,400 ரூபாய்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் நீங்களும் ஒரு ராத்திரி வண்டிக்கடியில் பழைய அட்டையை விரித்துப் பாருங்கள். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பாக, மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை வேண்டாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் வழவழவென்று வெளிர் மஞ்சளாக இருந்தால் பிரேக் ஆயில், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். உடனே கழுவிவிடுங்கள், அது தெருநாய்க்கும் பூனைக்கும் விஷம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிதான் குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் கொடுத்து அதை 100க்கு மேலே தூக்கி வைத்திருக்கிறது. கூலண்ட் ஒழுகினால் அந்த அழுத்தமும் போய்விடும். போகும்போது தொப்பூர் இறக்கம், ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஆட்கள், அரிசி மூட்டை, ஏசி எல்லாம் சேர்ந்து அதே ஏற்றத்தில் முள் சிவப்புக்கு ஏறும். அப்போது ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள், ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள்.

எங்கள் வண்டியில் சேம்பர் ஓரமாக இன்னும் லேசான ஈரம் இருக்கிறது. அண்ணன் அதில் கை வைக்கவில்லை. "இது கசிவு சார், ஒழுகல் இல்ல. சொட்டா வுழுந்தா வாங்க." இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்க்கிறேன். அப்பாவும் கூட நின்று, புதுக் கண்ணை இடுக்கி அளவு சொல்கிறார்.