பங்கு

மன்னார்க் கரையோரத்துத் தமிழில் 'பங்கு' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகின்றது. கரைவலை இழுத்து முடிந்ததும் மணலிலே மீனைக் குவித்துப் பிரிக்கும்போது ஒவ்வோர் உழைப்பாளிக்கும் கிடைப்பது ஒரு பங்கு. ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த கத்தோலிக்க மக்களின் சபையும் பங்கு என்றே அழைக்கப்படுகின்றது. எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று கோயில் முற்றத்திலே கேட்டால் பேசாலை, வங்காலை, தலைமன்னார் என்று ஊரின் பெயர் விடையாக வரும். கடற்கரையிலே பங்கைப் பற்றிக் கேட்டால் முழுப் பங்கா, அரைப் பங்கா என்பது விடையாக வரும். சிறுபிராயத்தில் இவ்விரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணியிருந்தோம். பின்னர் படித்து, ஆசிரியராகி, தொழிற்சங்கத்திற் சேர்ந்து, பழைய நம்பிக்கைகள் பல தளர்ந்த காலத்தில், இரண்டும் வெவ்வேறு என்று அறிவு சொல்லிற்று. இன்று முதுமையில் நின்று திரும்பிப் பார்க்கும்போது, சிறுபிராயத்து எண்ணமே உண்மைக்கு அண்மையில் நின்றது என்று தோன்றுகின்றது.

மதம் என்றதும் முகஞ் சுளிக்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. மதத்தை அபினுக்கு ஒப்பிட்டு மார்க்ஸ் 1844-ம் ஆண்டில் வெளியிட்ட கருத்து எமது மேடைகளில் எத்தனையோ முறை ஒலித்திருக்கின்றது. அதே இடத்தில் மதத்தை ஒடுக்குண்ட மக்களின் பெருமூச்சாகவும் அவர் கண்டார் என்பது அவ்வளவாக ஒலித்ததில்லை. பெருமூச்சு விடுகின்ற மனிதரை அறியாமல் அவருடைய மதத்தை அறிந்துவிட முடியாது. மன்னாரிலோ இது ஒரு சிறுபான்மையினரின் சங்கதியுமன்று. 2012-ம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்ட மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய விசுவாசம் எதனால் நிலைத்தது, எங்கே தவறியது என்று ஆராய்வது எமக்கும் பயன் தரும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதுகின்றோம்.

அச்சபையின் வரலாறு இரத்தத்தோடு தொடங்குகின்றது. 1544-ம் ஆண்டில், எதிர்க்கரையிலே முத்துக்குளிப்போர் மத்தியிற் பணிபுரிந்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவரிடம் மன்னார்த் தீவின் மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படை வந்து அவர்களுள் அறுநூறு பேரளவில் கொன்றொழித்தது. அவர்களுடைய நினைவு தோட்டவெளியில் இன்றும் போற்றப்படுகின்றது. அரசனை வெறுங் கொடியவனாக மட்டும் காட்டுவதிற் பயனில்லை. சிலுவையின் பின்னால் பறங்கியரின் பீரங்கியும் வரும் என்று அவன் அஞ்சினான். 1560-ல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியபோது அவ்வச்சம் பொய்யன்று என்பதும் வெளியாயிற்று. ஆயினும் ஒருபுறம் அரச அச்சமும் மறுபுறம் அந்நியப் பேராசையுமாக மோதியபோது, நடுவில் வெட்டுண்டவர்கள் கடலை நம்பிப் பிழைத்த எளிய மக்களே.

இரத்தம் சிந்தியதனால் மட்டும் ஒரு சபை நிலைத்துவிடுவதில்லை. அது நிலைத்த விதத்தைப் பின்னைய நூற்றாண்டிலேதான் காண்கின்றோம். 1658-ம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று சட்டமும் பிறந்தது. கோயில்கள் புதிய ஆட்சியாளரின் சபைக்கு உரியனவாயின. 1670-ம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தமது மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டினுள்ளே சென்று குடியேறின என்பது வழிவழி வந்த செய்தி. அவ்விடமே இன்றைய மடு.

1687-ம் ஆண்டில் கோவையிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் வரும் வரைக்கும், ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டுகள் இம்மக்களுக்குக் குருவானவர் இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அக்காலத்தில் பிறந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று, ஒரு குருவானவரின் முகத்தையும் காணாமலே மாண்டவர்கள் பலர் இருந்திருப்பர். அவ்வாறிருந்தும் அடிகளார் வந்தபோது அவர் புதிதாக ஒரு சபையை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருடைய வேலையாயிருந்தது. தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் வேடத்திலே கடல் கடந்து வந்த அவர், யாழ்ப்பாணத் தெருக்களில் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். கழுத்திலே செபமாலையை அணிந்திருந்தார். அதைக் கண்டு எவருடைய கண் கலங்குகின்றதோ, எவர் கதவைச் சற்று அதிகமாகத் திறக்கின்றாரோ, அவர் தம்மவர் என்று அறிந்துகொண்டார்.

குருவானவர் இல்லாத காலத்தில் இச்சபையைத் தாங்கியவர் யார்? ஊரிலே மதிப்புப் பெற்ற மூப்பர், செபங்களை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த அண்ணாவியார், பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கிய தாய்மார் ஆகியோரே. அடிகளாரும் பின்வந்த கோவைக் குருமாரும் ஆண்டில் ஓரிரு முறையே ஓர் ஊருக்கு வர முடிந்தது. ஆகவே இப்பொறுப்புகளை அவர்கள் ஒழுங்குபடுத்தினரேயன்றி அகற்றவில்லை. குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகக் கிடப்பவனின் தலைமாட்டில் இருந்து செபிப்பதும், தவக் காலத்தில் மக்களைக் கூட்டி வைப்பதும் ஊரவரின் கடமையாகவே இருந்தன. பிற்காலத்தில் சாங்கோபாங்க சுவாமி என்று மக்கள் அழைத்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக் கால இரவுகளில் ஊரவரே கூடியிருந்து பாடி வருகின்றனர். எழுத்தறியாத கிழவர்கள் பக்கம் பக்கமாக அதனை ஒப்புவித்ததை எமது காதாலேயே கேட்டிருக்கின்றோம். கூத்துப் பழக்குபவரையும் அண்ணாவியார் என்றே எமது மக்கள் அழைப்பது தற்செயலன்று. செபமும் கூத்தும் ஊர் கூடிச் செய்யும் காரியங்கள், தனியொருவனால் ஆகாதவை.

கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806-ம் ஆண்டிலேதான் நீங்கின. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஒடுக்குமுறையை ஓர் எளிய மக்கட் கூட்டம் படையுமின்றிப் பணமுமின்றி வென்று நின்றது. தலைமறைவு வாழ்க்கையைப் பற்றிப் பெருமையோடு பேசும் இயக்கங்கள் இவ்வரலாற்றையும் ஒருமுறை படித்தல் நன்று.

கடற்கரைப் பங்கிற்கு இனி வருவோம். கரைவலை ஒருவரின் தொழிலன்று. வள்ளம் வலையை வளைத்துப் போட்டு வந்தபின், இரு கயிறுகளையும் இரு அணியினர் அம்பாப் பாட்டோடு இழுப்பர். ஒருவன் கை தளர்ந்தால் பாரம் அடுத்தவன் தோளில் ஏறும். வலைக்குரிய சம்மாட்டிக்குப் பெரும்பங்கு போக, எஞ்சியது இழுத்தவர்களுக்குப் பிரியும். அங்கே சுரண்டல் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கடனும் முற்பணமும் தொழிலாளியைச் சம்மாட்டியோடு கட்டிப் போட்டதை அறிவோம். ஆனால் இன்னொன்றையும் அறிவோம். எமக்கு எட்டு வயதிருக்கும்போது, கடலுக்குப் போய் மீளாத ஒருவரின் மனைவி, பங்கு பிரிக்கும் நேரத்தில் கூடையுடன் தூரத்தில் வந்து நிற்பார். கிட்ட வரமாட்டார், கேட்கவும் மாட்டார். மூப்பராகவும் இருந்த முதிய மன்றாடி ஒருவர், கணக்குப் பார்க்கும் இளைஞனிடம், "அக்காவின்ர பங்கை முதல் எடுத்து வையடா தம்பி" என்பார். அந்தப் பெண் கயிறு பிடிக்கவில்லை, வலைக்கும் உரியவரல்லர். ஆயினும் அது பிச்சையாகக் கொடுக்கப்படவில்லை. பங்கு என்றே சொல்லப்பட்டது. அன்று மாலை அதே மூப்பர் கோயிலிலே செபம் சொன்னபோது, காலையிலே சொன்னதையே அவர் மீண்டும் சொல்வதாக எமக்குத் தோன்றிற்று.

அந்த ஒற்றுமை எங்கும் நிலவியது என்று எழுதினால் அது பொய்யாகும். கரையோரக் கோயில் ஒன்றிலே, ஒரு சாராருக்கு முன்னிடமும் மறு சாராருக்குப் பின்னிடமும் என்ற வழக்கை நாம் இளமையிற் கண்டிருக்கின்றோம். திருநாளிலே சொரூபக் கூட்டைச் சுமக்கும் உரிமை எவருக்கு என்பதில் தடியடி வரை போனதும் உண்டு. வாசலிலே செருப்பைக் கழற்றிய மக்கள் சாதியைக் கழற்றவில்லை. ஒரே அப்பத்திற் பங்கு கொண்டோர் ஒரு கிணற்றிற் பங்கு கொடுக்க மறுத்தனர். நாம் கோயிலிலிருந்து விலகியதற்கு மார்க்ஸின் நூல்கள் காரணம் என்று பலர் எண்ணினர். நூல்களைப் படிக்குமுன்பே அந்தப் பின்னிடத்தைப் பார்த்துவிட்டோம் என்பதே உண்மை.

போர் வந்த காலத்தில் அதே சபையின் மறுமுகத்தையும் கண்டோம். 1985-ம் ஆண்டு சனவரி 6-ந் திகதி வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். 1990-க்குப் பின் மடுக் கோயில் வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் ஊராயிற்று. ஆடி, ஆவணித் திருநாள்களில் சைவரும் கத்தோலிக்கரும் சிங்களவரும் தமிழரும் மரங்களின்கீழ் அருகருகே குடிசை போட்டுத் தங்கிய அதே காட்டில், வீடிழந்தோர் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். 1999-ம் ஆண்டு நவம்பர் 20-ந் திகதி அங்கே விழுந்த எறிகணைகளுக்கு நாற்பது பேரளவில் பலியாயினர். 2006-ம் ஆண்டு சூனில் பேசாலைக் கோயிலினுள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டு வீசப்பட்டது. அவ்வாறிருந்தும் கதவுகள் மூடப்படவில்லை. போர் முடிந்தபின், 2011-ம் ஆண்டு சனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, அரசின் சொந்தக் குடித்தொகைக் கணக்குகளையே எடுத்துக்காட்டி, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். மிகப் பலர் வாய்மூடியிருந்த காலம் அது. 2021-ம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி அவர் மறைந்தபோதும் அக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை.

இத்துணைத் துணிவும் பரிவும் உடைய சபையின் வரலாற்றிலே, எமது சொந்த வரலாற்றிலும், மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 1990-ம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் மன்னார்ப் பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த ஆசிரியர் ஒருவர் முதல்நாள் இரவு வந்து தமது வீட்டுச் சாவியை எமது கையிலே தந்தார். "மாஸ்ரர், பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். வேறொன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. மறுநாள் மாலை வழக்கம்போலச் செபமாலை சொல்லப்பட்டது. எமது சங்கமும் வழக்கம்போலக் கூடிற்று; சம்பள நிலுவையைப் பற்றிய தீர்மானம் நிறைவேறிற்று. கண்ணீர் வடித்தவர்கள் இருந்தனர். அச்சம் பெரிதாயிருந்தது என்பதும் மெய். ஆனால் ஒல்லாந்தரின் மரண தண்டனைக்கு அஞ்சாத மக்களின் வழித்தோன்றல்கள் நாம். அச்சம் எமது மௌனத்தை விளக்கலாம்; அதனை நியாயப்படுத்தாது.

2009-ம் ஆண்டின் பின் அவர் திரும்பி வந்தார். சாவியைக் கொடுத்தோம். சாவி இருந்தது, கதவு இருக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அந்தச் சிரிப்பு இன்றும் எம்மை உறுத்துகின்றது.

பாடம் கற்றோமா? 2019-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிவராத்திரியை முன்னிட்டுத் திருக்கேதீச்சரத்திற்குச் செல்லும் வீதியில் நாட்டப்பட்ட தற்காலிக வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். அதே மாந்தையிலிருந்துதான் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருபது குடும்பங்கள் வழிபடும் உரிமைக்காகக் காடேறின. துரத்தப்பட்டவனின் நினைவு பிறரைத் துரத்தாதிருக்கக் கற்பிக்க வேண்டும். கற்பிக்காவிடில் அந்நினைவு திருநாட் பிரசங்கத்திற்கன்றி வேறெதற்கும் உதவாது.

விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற எமக்குத் தகுதியில்லை. கடவுள் உண்டா என்ற கேள்வியில் நாம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றோம். ஆனால் ஒரு சபை எப்போது உயிரோடிருக்கின்றது என்பதை இக்கரை எமக்குக் காட்டியிருக்கின்றது. தனக்கு உரியவர் என்று அது எண்ணும் வட்டம் விரியும்போது அது வாழ்கின்றது. சுருங்கும்போது மணியும் மெழுகுவர்த்தியும் மட்டும் எஞ்சுகின்றன. கயிறு பிடிக்காத பெண்ணுக்கும் பங்கு வைத்த மன்றாடியின் கணக்கே மெய்யான கணக்கு. அக்கணக்கு சாதிக்கு முன்னால் நின்றுபோயிற்று. 1990-ல் படகுக் கரையிலே நின்றுபோயிற்று. கோயிலில் மட்டுமன்று, எமது சங்கத்திலும் நின்றுபோயிற்று.

இம்முறை தவக் காலத்தில் ஊருக்குச் சென்றிருந்தோம். வியாகுலப் பிரசங்கம் முடிந்து மக்கள் கலைந்த பின், இளைஞர் சிலர் எம்மைச் சூழ்ந்துகொண்டு பழைய கதைகளைக் கேட்டனர். தோட்டவெளியைப் பற்றியும் யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றியும் சொன்னோம். அவற்றை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். பின் சாவியைப் பற்றிச் சொன்னோம். அதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு மாணவி, "அந்த மாஸ்ரர் இப்ப எங்க இருக்கிறார் ஐயா? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கின்றோம்.