இராயக்கோட்டைப் பாறையும் நன்னா சொன்ன கதையும்



பாலக்கோட்டிலிருந்து ஓசூர் செல்லும் பேருந்தில் நீங்கள் என்றேனும் பயணம் செய்திருந்தால், இராயக்கோட்டையை நெருங்கும்போது ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் அந்தப் பெரும்பாறையைக் கண்டிருப்பீர்கள். இன்று தக்காளிச் சந்தையால் பெயர் பெற்றிருக்கும் அவ்வூர், ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லைக்காவலாக விளங்கியது. பாரமகால் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாயை அந்தப் பாறைக்கோட்டைதான் காத்து நின்றது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது எங்கள் பாலக்கோடு தருமபுரியிலேயே நின்றுவிட, இராயக்கோட்டை அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லை ஊர்களின் தலையெழுத்து அப்படி!

என் நன்னா மஃரிபுத் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து அக்கோட்டையின் கதையைச் சொல்வார். "வெள்ளைக்காரனால அதைப் பிடிக்கவே முடியலப்பா. ஏணி வச்சு ஏறினான். மேலேயிருந்து நம்ம ஆளுங்க பாறாங்கல்லா உருட்டி விட்டாங்க" என்பார். பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தபோது அதையே முழங்கினேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கிடைத்தது. பின்னாளில் மீலாது மேடைகளிலும் அக்கதையைச் சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கிறேன்.

வயது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வரலாற்று நூல்களைப் புரட்டும் ஓய்வு வாய்த்தது. அவற்றில் நான் கண்டது வேறு.

1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாயில்வரை சென்ற கார்ன்வாலிஸ், உணவின்றியும் இழுக்கும் மாடுகள் செத்து விழுந்ததாலும், தன் பெரும் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. கர்நாடகச் சமவெளியிலிருந்து தானியம் தடையின்றி மேலே வரவேண்டுமானால் கணவாய்கள் அவர் கையில் இருக்கவேண்டும். ஆகவே ஜூலையில் ஓசூரைக் கைக்கொண்டு, மேஜர் கௌடியை இராயக்கோட்டைக்கு அனுப்பினார். கீழ்க்கோட்டை தாக்குதலில் வீழ்ந்தது. மேற்கோட்டையோ நெடுநாள் தாங்கக்கூடிய அரண். ஆனால் பெரும்படை கண்ணில் பட்டதும் கில்லேதார் பேச்சுக்கு இணங்கினார். சொந்த உடைமைகளுக்குப் பாதுகாப்பு, குடும்பத்துடன் கர்நாடகப் பகுதியில் வாழ அனுமதி என்ற வாக்குறுதியின் பேரில் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்.

அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். எத்தனை மேடைகள்! என் நன்னா பொய் சொல்லக்கூடியவர் அல்லர் என்பதே என்னை அதிகம் வருத்தியது.

விடையும் அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். கீழே இருந்த பேட்டையைப் பிடித்தவர், மேற்கோட்டையில் ஏணி சாத்தியபோது உருண்டு வந்த பாறாங்கற்களால் விரட்டப்பட்டார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே அக்கோட்டை கைமாறியது. கதை மெய்தான். ஒரு மலையின் கதை வாய்வழியே நடந்து பக்கத்து மலையில் ஏறிக்கொண்டது, அவ்வளவே.

ஆயினும் இராயக்கோட்டைக் கில்லேதாரை நான் என்ன செய்வது? கோழை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஏனெனில் அக்டோபர் இறுதியில் நம் பென்னாகரம் கோட்டையில் நடந்ததையும் படித்திருந்தேன். சரணடைய மறுத்த அச்சிறு கோட்டையை அதே மாக்ஸ்வெல் ஏணி வைத்து ஏறிப் பிடித்தபோது, உள்ளிருந்தோரில் பெரும்பாலோர் வெட்டுண்டு மாண்டனர். அவர்களைப் பாடும் கும்மிப்பாட்டு ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை.

மறுபக்கமும் உண்டு. அவர் ஒப்படைத்த அதே இராயக்கோட்டையின் வழியாகத்தான் 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை மைசூர் எல்லையைக் கடந்தது. இரண்டே மாதம், மே 4 அன்று திப்பு சுல்தான் ஷஹீதானார்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேரனை அழைத்துக்கொண்டு அப்பாறையில் ஏறினேன். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடிந்த சுவர்களும், பாறை இடுக்கில் பச்சைத் தண்ணீர் தேங்கிய சுனையும் இன்றும் இருக்கின்றன. மூச்சு வாங்க அமர்ந்தபோது, "கதை சொல்லுங்க நன்னா" என்றான். கைதட்டல் வாங்கிய கதை நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, படித்ததை அப்படியே சொன்னேன்.

அவன் சற்று நேரம் கீழே தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "கில்லேதாருக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா?"

"குடும்பம் இருந்தது" என்றேன்.

"சுல்தானுக்குக் கோபம் வந்திருக்குமே?"

"வந்திருக்கும்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ளுஹர் நேரம் ஆகிவிட்டிருந்தது. கையைப் பிடித்து மெல்ல இறங்கினோம். வழியில் ஒரு பாறாங்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை.