பாரணை

படூரில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. மகனும் மருமகளும் கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். பேரனைப் பேணுவதற்காகவே தாத்தாவும் பாட்டியும் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தனர். பாட்டி கிருத்திகையும் ஏகாதசியும் தவறாதவர். திருப்போரூர் கந்தசுவாமியின் சந்நிதி அருகில் அமைந்ததைப் பெரும் பேறாகக் கருதினார்.

ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் குறைவின்றி நடந்தது. எட்டாம் மாதத்தில் ஒருநாள், குழையப் பிசைந்த தயிர்சாதத்தை இரண்டு வாய் ஊட்டினார் பாட்டி. சில நிமிடங்களில் குழந்தையின் உதடு வீங்கியது. உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன. உண்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். பசும்பாலில் உள்ள புரதம் குழந்தையின் உடலுக்கு ஒவ்வவில்லை என்றார் மருத்துவர். பால், தயிர், மோர், வெண்ணெய் எதுவும் கூடாது. உருக்கிய நெய்யிலும் புரதத்தின் எச்சம் இருக்கக்கூடும். ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது, அதன் புரதமும் ஏறக்குறைய அதே அமைப்புடையது என்று விளக்கினார்.

அன்று முதல் வீட்டில் அச்சம் குடியேறியது. உறவினர் ஒருவரின் யோசனைப்படி வேறோரிடத்தில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கோதுமை, எள், வேர்க்கடலை ஆகியவற்றுக்கும் ஒவ்வாமைக் குறி தென்படுவதாக அறிக்கை வந்தது. முன்னர் கோதுமைக் கஞ்சியைக் குழந்தை விரும்பிக் குடித்தவன்தான். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். மருமகள் ஒரு குறிப்பேட்டில், உண்ட பொருள், நேரம், உடலில் கண்ட மாற்றம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வந்தாள். மாதங்கள் கடந்தன. குழந்தையின் எடை மட்டும் கூடவில்லை.

ஓர் ஆடிக் கிருத்திகை நாள். முருகனுக்குப் பால் பாயசம் நைவேத்தியம் செய்தார் பாட்டி. பூஜையறை வாசலில் தவழ்ந்து வந்த பேரன் வாயைத் திறந்து காட்டினான். சுவாமிக்குப் படைத்தது குழந்தைக்குத் தீங்கு செய்யுமா என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றியது. விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்தார். கால் மணி நேரத்திற்குள் தடிப்பும் இருமலும் தொடங்கிவிட்டன. குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து கொடுத்தபின் இரவு முழுவதும் அங்கேயே வைத்துக் கவனித்தார்கள். முருகன் அருளால் குழந்தை பிழைத்தது. பாட்டி நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை குழந்தை புதிதாக உண்டது வாழைப்பழம் ஒன்றே என்று குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. ஆகவே வாழைப்பழமும் விலக்கப்பட்டது. பத்து நாட்கள் கழித்து மருத்துவர் அந்த ஏட்டைப் புரட்டியபோது, "இனி இவனுக்கு என்னதான் கொடுப்பது?" என்று மருமகள் கண் கலங்கினாள். பாட்டியால் அதற்குமேல் பொறுக்க இயலவில்லை.

"வாழைப்பழம் ஒரு பாவமும் அறியாது, டாக்டர். பாயசம் கொடுத்தவள் நான்."

அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மருமகள் தலைநிமிரவில்லை. மருத்துவர்தாம் முதலில் பேசினார். "நீங்கள் சொன்னதால் குழந்தைக்கு ஓர் உணவு திரும்பக் கிடைத்தது, அம்மா. ஆனால் விரல் நுனி அளவுகூட ஆபத்து என்பதைக் கண்ணாரக் கண்டீர்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்."

பரிசோதனையில் குறி தென்பட்டதாலேயே ஒவ்வாமை உறுதியாகிவிடாது. உண்டால் உடல் என்ன செய்கிறது என்பதே முதன்மையானது என்று தொடர்ந்து விளக்கினார். காரணமின்றி விலக்குவதும் தீங்கே என்றார். வேர்க்கடலையைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்று மேலைநாட்டு மருத்துவர்களும் ஒருகாலத்தில் நம்பினர். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அது வேண்டாம் என 2000-இல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2008-இல் அக்கருத்தைக் கைவிட்டது. லண்டனில் கிடியன் லாக் என்னும் பேராசிரியரின் குழுவினர் 640 கைக்குழந்தைகளை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். வேர்க்கடலையை விலக்கி வளர்ந்தவர்களுள் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. இளமையிலேயே உண்டு பழகியவர்களுள் நூற்றுக்கு மூன்று பேருக்கே இருந்தது.

பாட்டிக்கு இது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. ஏகாதசி உபவாசம் எவ்வளவு முக்கியமோ, துவாதசிப் பாரணையும் அவ்வளவு முக்கியம். பாரணை வேளை கடந்தால் விரதம் பழுதுபடும். விருந்தினராக வந்த துர்வாசர் நீராடித் திரும்பும்முன் வேளை கடக்கவிருந்தபோது, அம்பரீஷ மகாராஜா சிறிதளவு தீர்த்தம் மட்டும் அருந்தினார் அல்லவா? உரிய வேளையில், உரிய அளவில் தொடங்குவதே பாரணை.

குழந்தையின் பாரணையும் அவ்வாறே தொடங்கியது. உடல்நலம் நன்றாக இருக்கும் நாளில், காலை வேளையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு என்பது விதி. முன்பு உண்டு பழகிய கோதுமையும் வாழைப்பழமும் மருத்துவர் சொற்படி வீட்டிலேயே திரும்பின. எள்ளும் வேர்க்கடலையும் மருத்துவமனையில், மருந்து கையருகே இருக்க, துளித் துளியாகக் கூட்டித் தரப்பட்டன. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால், நன்றாக அரைத்த விழுதே தந்தார்கள். இரண்டும் ஒத்துக்கொண்டன. எடை ஏறத் தொடங்கியது.

பால் கடைசிப் படி. மாவுடன் சேர்த்து அதிக வெப்பத்தில் நெடுநேரம் சுடப்பட்ட பாலின் புரதம் உருமாறுவதால், பால் ஒவ்வாத குழந்தைகள் பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். அடுப்பில் காய்ச்சுவது மட்டும் அதற்குப் போதாது. இரண்டரை வயதில், மருத்துவமனையில், பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டின் சிறு துணுக்கை மருமகள் எடுத்துப் பாட்டியின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே ஊட்டுங்கள், அத்தை."

பாட்டியின் விரல்கள் நடுங்கின. குழந்தை மென்று விழுங்கிச் சிரித்தான். இரண்டு மணி நேரம் அவனையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். ஒரு தடிப்பும் எழவில்லை.

அடுத்த கிருத்திகையன்று அனைவரும் திருப்போரூர் சென்றனர். அங்கே மூலவர் பனைமரத்தில் எழுந்த சுயம்பு மூர்த்தி. ஆதலால் அவருக்கு அபிஷேகம் இல்லை, புனுகு சாற்றுகிறார்கள். வழிபாட்டுக்கென யந்திரம் ஒன்று தனியே பிரதிஷ்டை செய்யப்பட்டுள்ளது. எத்தனையோ முறை கண்ட அந்தச் சந்நிதியில் பாட்டி அன்று நெடுநேரம் நின்றார். பாலைத் தன் திருமேனியில் ஏற்காத கந்தனிடம் பக்தி ஏதேனும் குறைந்துவிட்டதா?

பாயசமும் தயிர்சாதமும் பேரனுக்கு இன்னும் தொலைவில்தான் இருக்கின்றன. பாட்டி அவன் நெற்றியில் திருநீறு இட்டு, கையில் ஒரு பூவை மட்டும் வைத்தார்.